80 சதவீத விதியைத் திரும்பப் பெறுங்கள்: இளையோர் பயிற்சி மைய நிர்வாகக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

நிர்வாகக் குழுவினருக்கு,

வரும் பருவத்திலிருந்து அமலுக்கு வரும் என்று நீங்கள் அனுப்பிய சுற்றறிக்கை எங்கள் கைக்கு வந்தது. மூன்று மாதத்தில் 80 சதவீத வருகை இல்லாதவரின் பெயர் பட்டியலிலிருந்து நீக்கப்படும். வீட்டில் தினமும் செய்ய 14 பயிற்சிகள் கொண்ட ஒரு தாள். அதில் பெற்றோர் கையெழுத்து கட்டாயம். ஒரு நாள் வராதவர் மறுநாள் மைதானத்தை 10 சுற்று கூடுதலாக ஓட வேண்டும். விடுப்புக்கான காரணத்தை எல்லோரும் பார்க்கும் பதிவேட்டிலேயே எழுத வேண்டும். கடைசி வரியில், காலைப் பயிற்சி ஆறரையிலிருந்து ஐந்தரைக்கு மாறுகிறது. இத்தனைக்கும் நீங்கள் சொல்லும் காரணம் ஒன்றுதான்: பிள்ளைகளுக்கு ஒழுக்கம் போதவில்லை.

10 முதல் 18 வயது வரை உள்ளவர்களோடு தினமும் மைதானத்தில் நிற்கும் கோச்சுகள், உடற்தகுதிப் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள் நாங்கள். அந்தக் காரணத்தை எங்களால் ஏற்க முடியவில்லை. பயிற்சியைப் பாதியில் விடும் பிள்ளைகளில் பெரும்பாலோர் ஆர்வத்தோடு வந்து சேர்ந்தவர்கள்தான். அவர்கள் கையில் கொடுத்த திட்டம் அவர்களுடைய உடலுக்கும் ஒரு நாளின் நேரத்துக்கும் அடங்கவில்லை. அடங்காத திட்டத்தை எழுதியவர்கள் பெரியவர்களாகிய நாம். தண்டனையை மட்டும் பிள்ளைக்குக் கொடுப்பது நியாயம் இல்லை.

உங்கள் 80 சதவீதத்தையே முதலில் கணக்குப் போட்டுப் பாருங்கள். வாரம் 5 நாள், 13 வாரம் என்றால் மொத்தம் 65 நாள். ஒரு காய்ச்சலுக்கு 5 நாள், தேர்வுக்கு 5 நாள், லேசான கணுக்கால் சுளுக்குக்கு இரண்டு வாரம், அதாவது 10 நாள். ஆக 20 நாள் போயிற்று. மீதி 45. வருகை 69 சதவீதம். ஒரு பிள்ளை ஒரு நாள்கூடச் சோம்பி இருக்கவில்லை. சாதாரணமாக வளரும் எந்தப் பிள்ளைக்கும் ஒரு காலாண்டில் நடக்கக்கூடியதுதான் நடந்தது. உங்கள் விதிப்படி அந்தப் பெயர் பட்டியலில் இருக்காது. இதைத் தெரிந்துகொண்ட பிள்ளை அடுத்த முறை என்ன செய்யும்? வீங்கிய கணுக்காலில் டேப் சுற்றிக்கொண்டு ஓட வரும். இரண்டு வாரத்தில் ஆற வேண்டியது பத்து வாரம் இழுக்கும்.

அடுத்து, வீட்டுப் பயிற்சித் தாள். 14 பயிற்சி, ஒவ்வொன்றும் 3 செட், செட்டுக்கு 10 தடவை. ஒரு செட்டுக்கு 30 வினாடியும் இடையில் 30 வினாடி ஓய்வும் என்று குறைவாக வைத்தாலும் 42 செட்டுக்கு 42 நிமிடம். பாய் விரிப்பது, தாளைப் பார்ப்பது, எது எப்படிச் செய்வது என்று யோசிப்பது எல்லாம் சேர்ந்தால் ஏறக்குறைய ஒரு மணி நேரம். பள்ளி, வீட்டுப்பாடம், மைதானம், போக்குவரத்து, தூக்கம் போக அந்த ஒரு மணி நேரம் எங்கே இருக்கிறது என்று சுற்றறிக்கை எழுதியவர் தேடிப் பார்த்ததாகத் தெரியவில்லை.

இப்படிப்பட்ட தாள்கள் திரும்பி வரும்போது எப்படி இருக்கும் என்பது எங்களுக்குத் தெரியும். 14 வரிசை, 7 கட்டம், 98 டிக். எல்லாம் ஒரே மை, ஒரே சாய்வு, ஒரே அழுத்தம். ஞாயிற்றுக்கிழமை இரவு ஒரே இருப்பில் போட்டவை. உண்மையில் பயன்பட்ட தாள் மடிந்திருக்கும், ஓரம் கிழிந்திருக்கும், வியர்வை பட்ட இடத்தில் எழுத்து கரைந்திருக்கும், புதன்கிழமைக் கட்டம் காலியாக இருக்கும். அப்படிக் காலிக் கட்டம் உள்ள தாளைக் கொண்டுவருகிற பிள்ளை எங்களிடம் உண்மையைச் சொல்கிறது. உங்கள் விதி அந்தப் பிள்ளையைத் தண்டிக்கிறது. 98 டிக் போட்டவரைப் பாராட்டுகிறது. கையெழுத்துப் போடும் அம்மாவும் அப்பாவும் வேறு வழியில்லாமல் இதில் பங்காளிகள் ஆகிறார்கள்.

தாளின் வரிசையிலும் ஒரு தவறு இருக்கிறது. பிள்ளைகள் மேலிருந்து கீழே செய்வார்கள். நேரம் போதாதபோது நாலாவது, ஐந்தாவதோடு நிறுத்துவார்கள். உங்கள் தாளில் மேலே இருப்பவை புஷ்-அப், சிட்-அப், ஜம்பிங் ஜாக். காயத்தைத் தடுக்கும் இடுப்பு, பின்தொடை, சமநிலைப் பயிற்சிகள் பத்தாவதுக்குக் கீழே கிடக்கின்றன. அதாவது முக்கியமானவை எந்த வீட்டிலும் நடக்கப்போவதில்லை.

வீட்டுக்கு மூன்றே பயிற்சி போதும். ஒற்றைக்காலில் நிற்பது, காலுக்கு 30 வினாடி, இரண்டு முறை. பக்கவாட்டு பிளாங்க் (ஒரு முழங்கையை ஊன்றி, உடலைப் பக்கவாட்டில் நேராகத் தூக்கி நிறுத்துவது), பக்கத்துக்கு 20 வினாடி, இரண்டு முறை. நின்றபடி குதிகாலைத் தூக்கி இறக்குவது, 12 தடவை, இரண்டு செட். எல்லாம் சேர்ந்து எட்டு நிமிடத்துக்குள் முடியும். பாய்கூடக் கட்டாயம் இல்லை.

எண்ணிக்கையைவிட எப்போது, எங்கே என்பது பெரிய விஷயம். "தினமும் செய்" என்றால் நடக்காது. "இரவு பல் தேய்த்து முடித்ததும், அறைக் கதவுக்குப் பக்கத்தில், ஒற்றைக்காலில் நிற்பேன்" என்று பிள்ளை தன் கையெழுத்தில் எழுதி ஒட்டினால் நடப்பதற்கு வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே தினமும் நடக்கும் ஒரு செயலின் வாலில் புதியதைக் கட்டிவிடும் முறை இது. பீட்டர் கோல்விட்சர் என்ற உளவியலாளர் 1999இல் இதை விரிவாக எழுதினார். அதன்பின் நடந்த ஏராளமான சோதனைகளும் வெறும் மன உறுதியைவிட இது நன்றாக வேலை செய்வதையே காட்டின. அந்த வாக்கியத்தைக் கோச் எழுதிக் கொடுக்கக் கூடாது. எந்த நேரம் தன் வீட்டில் ஒத்துவரும் என்பது பிள்ளைக்குத்தான் தெரியும்.

21 நாளில் பழக்கம் வந்துவிடும் என்று உங்கள் தாளின் அடியில் அச்சிட்டிருக்கிறீர்கள். அதை எடுத்துவிடுங்கள். லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வாளர்கள் 96 பெரியவர்களைப் பின்தொடர்ந்து 2009இல் வெளியிட்ட ஆய்வில், ஒரு புதிய செயல் தானாக நடக்கும் நிலைக்கு வர எடுத்த காலத்தின் இடைநிலை அளவு 66 நாள். சிலருக்கு 18 நாள், சிலருக்கு 254 நாள்வரை என்று கணக்கிட்டார்கள். அதே ஆய்வு சொன்ன இன்னொன்று எங்களுக்கு அதைவிட முக்கியம்: இடையில் ஒரு நாள் விட்டதால் பழக்கம் உருவாவது குலையவில்லை. 22ஆம் நாளும் சிரமமாகவே இருக்கிறதே என்று நினைக்கும் பிள்ளை தன்னிடம்தான் ஏதோ குறை என்று முடிவு கட்டும். ஒரு நாள் விட்டதும் எல்லாம் போயிற்று என்று நினைக்கும் பிள்ளை அதோடு நிறுத்திவிடும். இரண்டையும் உங்கள் தாள் அதற்குக் கற்றுக்கொடுக்கிறது. தேர்வு வாரத்துக்கு என்று தனியாக ஒரு குறைந்தபட்ச அளவைச் சொல்லிவையுங்கள்: மூன்றில் ஒன்று, ஒரே செட். அதைச் செய்தால் அந்த நாள் முழு நாளாகவே கணக்கில் வர வேண்டும்.

தாளின் 12ஆவது பயிற்சியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். "நார்டிக், 3 செட், 10 தடவை, தினமும்" என்று போட்டிருக்கிறீர்கள். பின்தொடைத் தசைக் கிழிவைத் தடுப்பதில் இதைப் போன்ற நல்ல பயிற்சி குறைவு. அதனாலேயே அதைத் தப்பாகக் கொடுத்து வீணாக்குவது எங்களுக்கு வலிக்கிறது. முழங்காலிட்டு, பின்னால் ஒருவர் கணுக்காலை அழுத்திப் பிடிக்க, முழங்காலிலிருந்து தோள்வரை ஒரே கோடாக, மெதுவாக முன்னால் சாய வேண்டும். புதியவர் கால்வாசி தூரம் இறங்கியதும் தாக்குப்பிடிக்க முடியாமல் கைகளில் விழுவார். அது இயல்பு. தசை நீண்டுகொண்டே பாரத்தைத் தாங்குவதால் மறுநாளிலிருந்து மூன்றாம் நாள்வரை நல்ல வலி இருக்கும். முதல் நாளே 30 தடவை செய்த பிள்ளைக்கு மூன்றாம் நாள் படியிறங்க முடியாது. அன்று மைதானத்துக்கு வராது. நீங்கள் 'ஆப்சென்ட்' போடுவீர்கள். மறுநாள் 10 சுற்று ஓடச் சொல்வீர்கள்.

நார்வேயில் வயது வந்த கால்பந்து வீரர்களுக்கு இதைப் பழக்கி 2004இல் வெளியிட்ட திட்டத்தைப் பாருங்கள். முதல் வாரம் ஒரே ஒரு நாள், 5 தடவை, 2 செட். இரண்டாம் வாரம் இரண்டு நாள், 6 தடவை, 2 செட். மூன்றாம் வாரம்தான் மூன்று நாளும் மூன்று செட்டும். வளர்ந்த வீரர்களுக்கே செட்டுக்குப் பத்துத் தடவையில் தொடங்கவில்லை. காயத்தைத் தடுக்க உலகக் கால்பந்துக் கூட்டமைப்பு வெளியிட்ட ஃபிஃபா 11+ என்ற வார்ம்-அப்பில் நார்டிக் தொடக்க நிலைக்கு 3 முதல் 5 தடவை, ஒரே செட். நாங்கள் இளையவர்களுக்கு இந்த அளவிலிருந்துதான் தொடங்குவோம்.

இன்னும் சில சின்ன விஷயங்கள். கடினமான தரையில் முழங்கால் சில்லு அழுந்தி வலித்தால் பிள்ளை அடுத்த முறை ஏதாவது சாக்குச் சொல்லும். பாயை இரண்டாக மடித்து முழங்காலுக்குக் கீழே வையுங்கள். பிடிப்பவர் பாதத்தைப் பிடித்தால் கால் நழுவும். கணுக்காலுக்குச் சற்று மேலே, உடல் எடை முழுவதையும் கொடுத்துப் பிடிக்க வேண்டும். இடுப்பை மடக்கிக் குனிந்தால் எளிதாகத் தோன்றும், பலன் பாதியாகும். ஆளில்லாமல் சோபாவுக்கு அடியில் காலைச் செருகிச் செய்தால் சோபா எழும்பும். ஆகவே நார்டிக் வீட்டுக்கு உரியதே இல்லை. மைதானத்தில், ஜோடி ஜோடியாக, கோச் பார்க்கும்போது செய்ய வேண்டியது. ஜோடியாகச் செய்வதில் இன்னொரு நன்மையும் உண்டு: தன் கணுக்காலைப் பிடிக்க ஒருவர் காத்திருக்கிறார் என்று தெரிந்த பிள்ளை வரும்.

காயத் தடுப்புப் பயிற்சிகளுக்கு உரிய இடம் பயிற்சி நேரத்தின் முதல் 20 நிமிடம். ஃபிஃபா 11+ இல் 15 பயிற்சிகள். மெதுவான ஓட்டம் 8 நிமிடம், வலிமை, சமநிலை, குதிப்பு 10 நிமிடம், வேக ஓட்டம் 2 நிமிடம். நார்வேயில் 13 முதல் 17 வயதுப் பெண்கள் 1892 பேர், 125 கிளப்புகளில் பங்கேற்ற ஆய்வு 2008இல் வெளிவந்தது. இந்த வார்ம்-அப் செய்த அணிகளில் கடுமையான காயங்களும், அதிகப் பயன்பாட்டால் வரும் காயங்களும் குறைந்தன. பின்னர் அதே அணிகளை ஆராய்ந்தபோது, அடிக்கடி செய்தவர்களுக்கு நடுத்தரமாகச் செய்தவர்களைவிட மூன்றில் ஒரு பங்குக்கு மேல் காயம் குறைவு என்று தெரிந்தது. சுவீடனில் 12 முதல் 17 வயதுப் பெண்கள் 4564 பேரிடம் நடந்த 'முழங்கால் கட்டுப்பாடு' ஆய்வு 2012இல் வந்தது. வாரம் இரண்டு முறை, 15 நிமிடம், ஆறே பயிற்சி. ஏசிஎல் என்று நாம் சொல்லும், முழங்கால் எலும்புகளை இணைக்கும் தசைநார் கிழிவது 64 சதவீதம் குறைந்தது. ஆறு பயிற்சிகளால் இது முடிந்தது என்பதை 14 பயிற்சித் தாளை எழுதியவர்கள் கவனிக்க வேண்டும்.

இந்த 20 நிமிடம் எங்கே கெட்டுப்போகிறது என்பதும் தெரிந்ததுதான். கோச் பத்து நிமிடம் தாமதமாக வருவார். முதலில் வெட்டுப்படுவது வார்ம்-அப். நாளை மேட்ச் என்றால் "இன்று விட்டுவிடலாம்" என்பார். ஒரே நிலையிலேயே ஒரு வருடம் ஓட்டினால் பிள்ளைகள் பேசிக்கொண்டே செய்வார்கள், முழங்கால் உள்பக்கம் சாய்வதை யாரும் பார்க்க மாட்டார்கள். 11+ இன் நடுவிலுள்ள வலிமை, சமநிலை, குதிப்புப் பயிற்சிகளுக்கு எளிதிலிருந்து கடினம்வரை மூன்று நிலைகள் எதற்காக இருக்கின்றன? ஒரு நிலையைச் சரியான நிலைப்பாட்டோடு முழு அளவும் செய்தால் அடுத்ததற்கு ஏற்றுங்கள். ஏறுவது பிள்ளைக்குத் தெரிய வேண்டும்; அணியோடு சேர்த்து இல்லாமல் அவரவர் அளவில் ஏற வேண்டும். நேரம் நெருக்கினால் நடுவிலுள்ள வலிமைப் பகுதியைப் பயிற்சியின் முடிவுக்குத் தள்ளலாம். பெரியவர் அணிகளில் அப்படி மாற்றியபோது செய்பவர்களின் அளவு கூடியது.

பதிவேட்டுக்கு வருகிறோம். அது வந்தவரைக் குறிக்கிறது, செய்ததைக் குறிக்கவில்லை. மூலையில் நின்று ஷூ லேஸைக் கட்டிக்கொண்டிருந்தவருக்கும் டிக். குதிகால் வலியால் வீட்டில் இருந்தபடியே பிசியோ சொன்னதை முழுதும் செய்தவருக்கு ஆப்சென்ட். இதை வைத்து ஒருவர் பயிற்சியில் நிலைக்கிறாரா என்று சொல்ல முடியாது. நாங்கள் எழுதச் சொல்வது இரண்டே எண்கள். பயிற்சி முடிந்து 10 முதல் 30 நிமிடத்துக்குள் ஒவ்வொருவரிடமும் தனியாக, "இன்று மொத்தமாக எவ்வளவு கஷ்டமாக இருந்தது, 0 முதல் 10க்குள் சொல்" என்று கேளுங்கள். அதை நிமிடத்தால் பெருக்குங்கள். 60 நிமிடம், 6 என்றால் 360. வாரக் கூட்டல் ஒரு பிள்ளைக்கு 1500 என்றிருந்தது திடீரென 2400 ஆனால் அடுத்த வாரம் அந்தப் பிள்ளை வராமல் போக வாய்ப்பு உண்டு; முன்கூட்டியே குறைக்கலாம். எல்லோர் முன்னாலும் கேட்டால் எண் பொய்யாகும்: முதலில் சொன்னவர் 5 என்றால் மற்றவர்களும் 5 என்பார்கள். கோச் லேசான நாள் என்று வைத்த நாளை பிள்ளைகள் 7 என்று சொல்வதை அடிக்கடி பார்க்கிறோம். அப்போது மாற்ற வேண்டியது கோச்சின் திட்டத்தை.

வராமல் போவதற்கு வளர்ச்சி ஒரு பெரிய காரணம். சுற்றறிக்கையில் அதைப் பற்றி ஒரு சொல்கூட இல்லை. பெண்களுக்கு ஏறக்குறைய 12 வயதிலும், ஆண்களுக்கு ஏறக்குறைய 14 வயதிலும் உயரம் வேகமாக ஏறும். உச்சத்தில் ஆண்டுக்கு 8 முதல் 10 செ.மீ. எலும்பு முன்னே ஓடும், தசையை எலும்போடு இணைக்கும் தசைநாண் பின்னே இழுபடும். தசைநாண் ஒட்டும் இடத்தில் வலி வரும். குதிகாலில் வந்தால் செவர்ஸ், முழங்காலுக்குக் கீழே மேடாகத் தடித்து வலித்தால் ஆஸ்குட்-ஷ்லாட்டர். இரண்டும் ஓட்டத்தையும் குதிப்பையும் கொஞ்ச காலம் குறைத்தால் அடங்கும். அதோடு உடல் அளவு மாறியதால் போன வருடம் எளிதாக வந்த அசைவு இப்போது தடுமாறும். வேகமும் கொஞ்சம் குறையும். பிள்ளைக்கு ஏன் என்று தெரியாது. "நமக்கு இது வராது" என்று முடிவு செய்து நின்றுவிடும்.

இதற்கு வேண்டியது ஒரு சுவரும் ஒரு டேப்பும். மூன்று மாதத்துக்கு ஒரு முறை, ஒரே நேரத்தில், செருப்பில்லாமல், ஒரே ஆள், இரண்டு முறை அளந்து சராசரி எடுங்கள். காலையில் ஒரு முறை, மாலையில் ஒரு முறை என்று மாற்றினால் அந்த வித்தியாசமே ஒரு செ.மீ. வரை வந்து குழப்பும். மூன்று மாதத்தில் 2 செ.மீ.க்கு மேல் ஏறியவருக்குக் குதிப்புகளையும் முழுவேக ஸ்பிரின்ட்டுகளையும் பாதியாக்கி, அந்த நேரத்தைச் சமநிலைக்கும் நுட்பத்துக்கும் கொடுப்பது எங்கள் வழக்கம். "உன் உடம்பு இப்போது வளர்கிறது, சில மாதம் இப்படித்தான் இருக்கும், திரும்ப வரும்" என்று பிள்ளையிடமும் வீட்டாரிடமும் வாய்விட்டுச் சொல்ல வேண்டும். இந்த ஒரு வாக்கியம் பல பெயர்களைப் பட்டியலில் காப்பாற்றும்.

10 சுற்றுத் தண்டனையை எழுத்தில் தடை செய்யுங்கள். ஓடுவதை விரும்பி வந்த பிள்ளைக்கு ஓடுவதையே தண்டனையாக்குவது பெரிய தவறு. உடலளவிலும் அது தப்பு. நோயிலிருந்து திரும்பியவருக்கு முதல் நாள் கூட்டக் கூடாது, குறைக்க வேண்டும். ஒரு வாரத்துக்குள் விட்டவர் விட்ட இடத்திலிருந்து தொடரலாம். இரண்டு வாரம் விட்டவருக்கு முதல் வாரம் பாதி அளவு, இரண்டாம் வாரம் முக்கால். காய்ச்சல் இருந்தவர் அது முழுதும் விட்ட பிறகே ஓட வேண்டும்.

கோச்சின் வாய்ச்சொல் எவ்வளவு பெரிய விஷயம் என்பதற்கு 1992இல் வெளிவந்த ஓர் அமெரிக்க ஆய்வு போதும். சிறுவர் பேஸ்பால் கோச்சுகளில் ஒரு பகுதியினருக்கு, முயற்சியைப் பாராட்டுவது, தவறு செய்த பிள்ளையை ஊக்கப்படுத்தித் திருத்துவது, தண்டிக்காமல் இருப்பது பற்றிச் சில மணி நேர வகுப்பு நடத்தினார்கள். அடுத்த பருவத்தில் அந்த கோச்சுகளின் பிள்ளைகளில் விட்டுப் போனவர்கள் 5 சதவீதம். வகுப்பு இல்லாத கோச்சுகளிடம் 26 சதவீதம். வெற்றி தோல்விக் கணக்கில் இரு பக்கமும் வித்தியாசம் இல்லை, அதனால் ஜெயித்த அணியில் இருந்ததால் தங்கினார்கள் என்று சொல்ல வழியில்லை. உங்கள் ஐந்து விதிகளையும் விட ஒரு பிற்பகல் வகுப்பு அதிகம் சாதிக்கும்.

பந்தைத் தவறவிட்ட பிள்ளையிடம் என்ன சொல்வது என்பதை நாங்கள் புதிய கோச்சுகளுக்கு இப்படிப் பழக்குகிறோம். முதலில் சரியாகச் செய்த பகுதி: "நல்ல நேரத்தில் ஓடத் தொடங்கினாய்." அடுத்து ஒரே ஒரு திருத்தம்: "அடுத்த முறை கடைசி இரண்டு அடியைச் சின்னதாக வை." உடனே இன்னொரு வாய்ப்பு. மூன்று திருத்தம் சொன்னால் ஒன்றும் தங்காது. திருத்தம் சொல்லி வாய்ப்புக் கொடுக்காமல் வரிசையின் கடைசிக்கு அனுப்பினால் பிள்ளைக்கு நினைவிருப்பது அவமானம் மட்டும்.

தேர்வுரிமையும் கொடுங்கள், உண்மையானதாக. லஞ்ச் (ஒரு காலை முன்னால் வைத்து முழங்காலை மடக்கி இறங்குவது) அல்லது ஸ்டெப்-அப் (படியில் ஏறி இறங்குவது), எது வேண்டுமோ செய். எதை முதலில் செய்வது என்று ஜோடியே முடிவு செய்யட்டும். இரண்டும் ஒரே தசைக்குத்தான், திட்டம் கெடாது. 2015இல் அமெரிக்காவில் கால்பந்து விளையாடும் பிள்ளைகளிடமும் பெற்றோர், கோச்சுகளிடமும் ஆட்டத்தில் எது மகிழ்ச்சி தருகிறது என்று கேட்டுத் தொகுத்த 81 காரணங்களில், வெற்றி 48ஆவது இடத்தில் இருந்தது. முயன்று ஆடுவது, கோச் நல்லவிதமாக நடத்துவது, அணியினர் ஒருவருக்கொருவர் துணை நிற்பது போன்றவை அதற்கு வெகு மேலே.

காரணத்தைப் பதிவேட்டில் எழுதும் விதியை இன்றே நிறுத்துங்கள். மாதவிடாய் வலியை ஒரு 13 வயதுப் பெண் அந்தப் பொதுப் பதிவேட்டில் எழுத மாட்டாள். வராமலேயே இருந்துவிடுவாள். உடை மாற்றக் கதவடைக்கும் அறை இல்லை, இருண்ட நிற அரைக்கால் சட்டை போட அனுமதி இல்லை என்பதற்காக விட்டுப் போகிற பெண்களின் கணக்கு எந்தப் பதிவேட்டிலும் இல்லை. அவர்கள் பேசக்கூடிய ஒரு பெண் பயிற்சியாளரோ பொறுப்பாளரோ வேண்டும். மாதவிடாய் மூன்று மாதம் தொடர்ந்து வராமல் போனால் அதைக் கடும் பயிற்சியின் அடையாளமாக யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. செலவாகும் சக்திக்கு ஏற்ற உணவு உள்ளே போகவில்லை என்பதாக இருக்கலாம், மருத்துவரிடம் அனுப்ப வேண்டும். சர்வதேச ஒலிம்பிக் குழு 2014 முதலே இதை எச்சரித்து வருகிறது. ஆண் பிள்ளைகளுக்கும் இந்தச் சக்திக் குறைவு வரும்.

காலை ஐந்தரை. ஐந்தரைக்கு மைதானத்தில் நிற்க நாலே முக்காலுக்கு எழ வேண்டும். 13 முதல் 18 வயதுக்கு 8 முதல் 10 மணி நேரத் தூக்கம் தேவை என்பது அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகத்தின் பரிந்துரை. எட்டு மணி நேரத்துக்கே இரவு எட்டே முக்காலுக்குத் தூங்கியிருக்க வேண்டும். பருவ வயதில் உடலின் கடிகாரமே பின்னால் தள்ளிப்போகும். அந்த நேரத்துக்குப் படுத்தாலும் தூக்கம் வராது. 8 மணி நேரத்துக்குக் குறைவாகத் தூங்கிய இளம் விளையாட்டு வீரர்களுக்குக் காயம் 1.7 மடங்கு அதிகம் என்று 2014இல் வந்த ஆய்வு கண்டது.

எங்கள் கோரிக்கைகள் இவை.

80 சதவீத விதியை ரத்து செய்யுங்கள். அதற்குப் பதிலாக, ஒரு பிள்ளை தொடர்ந்து இரண்டு நாள் வராவிட்டால் 48 மணி நேரத்துக்குள் அந்தப் பிள்ளைக்குப் பழக்கமான கோச்சே அழைத்துப் பேச வேண்டும் என்று விதி செய்யுங்கள். "ஏன் வரவில்லை" என்று தொடங்காமல் "எது சிரமமாக இருக்கிறது" என்று கேட்க வேண்டும். பதில் ஒரு தனிக் குறிப்பில் இருக்கட்டும். பொதுப் பதிவேட்டில் காரணக் கட்டமே வேண்டாம்.

14 பயிற்சித் தாளையும் பெற்றோர் கையெழுத்தையும் கைவிடுங்கள். மூன்று பயிற்சித் தாளை நாங்கள் ஒரு வாரத்தில் வயதுவாரியாக எழுதித் தருகிறோம். நார்டிக் மைதானத்தில் மட்டும்.

தண்டனை ஓட்டம் எந்த வடிவிலும் கிடையாது என்று கோச்சுகளுக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒவ்வொரு பயிற்சியிலும் முதல் 20 நிமிடத்தை யாரும் தொடக் கூடாது. கோச் 15 நிமிடம் முன்பே மைதானத்தில் இருக்க வேண்டும். காலைப் பயிற்சி ஆறரைக்கே இருக்கட்டும். தேர்வு மாதத்தில் காலைப் பயிற்சியே வேண்டாம்.

பருவம் தொடங்குமுன் எல்லாக் கோச்சுகளுக்கும் ஒரு பிற்பகல் வகுப்பு வையுங்கள். நடத்த நாங்கள் தயார். மூன்று மாதத்துக்கு ஒரு முறை உயர அளவு எடுக்க ஒருவரைப் பொறுப்பாக்குங்கள். பெண் பிள்ளைகளுக்குக் கதவடைக்கும் அறையும் இருண்ட நிற அரைக்கால் சட்டைக்கான அனுமதியும் பருவம் தொடங்கும் அன்றே இருக்க வேண்டும்.

பருவ முடிவில் பதக்க எண்ணிக்கையோடு இன்னொரு கணக்கையும் வெளியிடுங்கள்: தொடக்கத்தில் எத்தனை பேர் இருந்தார்கள், முடிவில் எத்தனை பேர் இருக்கிறார்கள், வயதுவாரியாக, ஆண் பெண் தனித்தனியாக. விட்டுப் போன ஒவ்வொருவரிடமும் ஒரு முறை பேசி, அவர் சொன்ன காரணத்தைப் பெயரில்லாமல் சேர்த்து எழுதுங்கள்.

சுற்றறிக்கை அமலுக்கு வரும் நாளுக்கு முன்பே எழுத்தில் பதில் வேண்டும். அதற்கு முன் ஒரு கூட்டமும் வேண்டும். அந்தக் கூட்டத்தில் தற்போது பயிற்சி பெறும் இரண்டு பிள்ளைகளும், கடந்த பருவத்தில் விட்டுப் போன இரண்டு பிள்ளைகளும் உட்கார்ந்திருக்க வேண்டும். முதலில் பேசுவது அவர்களாக இருக்கட்டும்.

இப்படிக்கு,
பயிற்சியாளர்கள், உடற்தகுதிப் பயிற்சியாளர்கள், பிசியோதெரபிஸ்ட்டுகள்